நாற்பத்திரண்டாம் நாள்

இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் லயத்து வீடுகளில் குடியை நிறுத்தப் பழகிய வழி ஒன்று உண்டு. ஐயப்பனுக்கு மாலை போடுவது, அல்லது தோட்டத்துத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது. மாலை கழுத்தில் இருக்கும் நாற்பத்தொரு நாளும் அந்தக் காம்பராவில் சண்டைச் சத்தம் கேட்காது. பிள்ளைகள் இஸ்தோப்பில் உட்கார்ந்து படிக்கும். கடைக் கடனில் ஒரு பகுதியாவது அடைபடும். மாலையைக் கழற்றிய மறுநாள் பின்னேரம் எல்லாம் பழையபடி. "சாமிக்குப் பயந்து இருந்தான், இப்ப தொடங்கிட்டான்" என்று லயமே தலையில் அடித்துக்கொள்ளும்.

அந்த மனிதரை ஏசுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாற்பத்தொரு நாள் அவரால் குடிக்காமல் இருக்க முடிந்திருக்கிறது. விரதம் இருந்தபோது அவருக்குக் குருசாமி இருந்தார், கூடவே மாலை போட்ட பத்துப் பேர் இருந்தார்கள், விடியக்காலைக் குளியல் இருந்தது, ஊரின் மரியாதை இருந்தது. நாற்பத்திரண்டாம் நாள் இவற்றில் ஒன்றும் இல்லை. அந்த நாற்பத்திரண்டாம் நாளுக்காகவே அரசாங்க வைத்தியசாலைகளில் கிளினிக் ஒன்று நடக்கிறது. வீட்டில் இருந்து, வேலைக்குப் போய்க்கொண்டே வந்து போகக்கூடிய வெளிநோயாளர் சிகிச்சை அது. தோட்டங்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

குடியை விடச் சொல்லும் குரல் மட்டும் இங்கே ஒருநாளும் ஓய்ந்ததில்லை. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தி தோட்டத் தொழிலாளரிடம் கேட்டுக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று. பின்னர் பூசாரிகள் சொன்னார்கள், சங்கத் தலைவர்கள் மே தின மேடையில் சொன்னார்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் சொன்னார்கள். விடச் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். எப்படி விடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

குடிக்கு வைத்தியம் என்றதும் தோட்டத்து மனிதருக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று அங்கொடை மனநல வைத்தியசாலை. "அங்கொடைக்குப் போக எனக்கென்ன பைத்தியமா?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். மற்றது கந்தக்காடு. 2022 ஜூனில் அந்தப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சிகிச்சை என்றால் அடைத்து வைப்பது என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றிப்போனது. 2025 ஒக்டோபர் 30இல் அரசாங்கம் தொடங்கிய 'முழு நாடுமே ஒன்றாக' இயக்கத்தின் பேச்சும் பெரும்பாலும் ஹெரோயினையும் ஐஸையும் சுற்றியது. அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் தோட்டத்துத் தாய்மாரிடம் வீட்டைக் கெடுத்தது எது என்று கேட்டால், முதலில் வருவது சாராயமும் கசிப்பும்தான்.

உள்ளே தங்கிப் பெறும் சிகிச்சை சிலருக்குத் தேவைப்படும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, நிட்டம்புவ போன்ற இடங்களில் அதற்கென நிலையங்கள் நடத்துகிறது. குடிக்கு அடிமையானவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் பாதி குறையும். அதனால் ஒரு மனிதரை நினைத்துக்கொண்டு, அவரோடு படிப்படியாகப் போய்ப் பார்க்கலாம். தெரணியகலைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், வயது நாற்பது, பதினைந்து வருடக் குடி, இப்போது விடியக்காலையிலேயே கை நடுங்குகிறது.

முதல் நாள் அவர் போக வேண்டியது பெரிய இடத்துக்கல்ல. கரவனெல்ல ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில், "குடியை விட வேண்டும், உதவி வேண்டும்" என்று சொன்னால் போதும். பலாங்கொடைப் பக்கத்தவர் பலாங்கொடையிலேயே சொல்லலாம். தேவையானால் அங்கிருந்து கேகாலை அல்லது இரத்தினபுரி போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். செலவு இல்லை. பொலிஸுக்குத் தகவல் போகாது. குடித்ததற்காக யாரும் அங்கே திட்ட வேண்டியதும் இல்லை.

அங்கே கேள்விகள் நிறைய இருக்கும். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருதரம் குடிக்கிறீர்கள், காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, குடித்த இரவில் நடந்தது மறுநாள் மறந்துபோகிறதா என்று கேட்டுப் புள்ளி போடுவார்கள். மொத்தம் 40. எட்டோ அதற்கு மேலோ வந்தால் கவனம் தேவை, இருபதை எட்டினால் உடல் குடிக்கு அடிமையாகியிருக்கலாம். இங்கே பலரும் ஒரு பிழை விடுகிறார்கள். அரைப் போத்தல் குடிக்கிறவர் 'சும்மா ஒரு கால்' என்பார். கசிப்பில் இன்னும் சிக்கல், ஏனென்றால் அதற்கு அளவே கிடையாது, ஒவ்வொரு வடியும் ஒவ்வொரு காரம். உள்ளதை உள்ளபடி சொல்வது மரியாதைப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. மருந்தின் அளவு அந்தப் பதிலை வைத்துத்தான் தீர்மானிக்கப்படும். ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க இரத்தமும் எடுப்பார்கள்.

அடுத்து வருவது மிகவும் கவனமாக இருக்க வேண்டிய வாரம். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், கடைசிக் கிளாஸுக்குப் பிறகு ஆறு முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் வியர்வையும் நடுக்கமும் வாந்தியும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், வராத ஆளோடு பேசுவார்கள், வீட்டாரையே தெரியாமல் போகும். லயத்தில் இதைப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லிக் கோடாங்கிக்கு ஆள் அனுப்புவதுண்டு. மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி ஆனால் சாமி குற்றம் என்றும் சொல்வார்கள். இது மூளை சாராயத்துக்குப் பழகிப்போய், திடீரென்று அது இல்லாமல் தவிக்கும் நோய். கவனிக்காமல் விட்டால் ஆளைக் கொன்றுவிடும். ஹெரோயினை நிறுத்தும்போது வலி பொறுக்க முடியாததாக இருந்தாலும், ஆரோக்கியமான ஒருவரின் உயிர் அதனால் போவது அரிது. சாராயம் அப்படியல்ல. மூன்றாம் நாள் பேச்சுத் தடுமாறுகிறவரைக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல், உடனே வண்டி பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே வைத்தியர் முதலில் முடிவு செய்வது இந்த வாரத்தை வீட்டில் கழிக்கலாமா, வார்ட்டில் கழிக்க வேண்டுமா என்பதைத்தான். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், புத்தி தடுமாறியிருந்தால், மஞ்சள் கண்ணும் வீங்கிய வயிறும் இருந்தால், வீட்டில் பார்க்க ஆள் இல்லாவிட்டால், சில நாள் வார்ட்டில் வைப்பார்கள். மற்றவர்களுக்குக் குளோர்டயசெபொக்சைட் அல்லது டயசெபாம் என்ற குளிசையை முதல் நாள் கூடுதலாகவும், பிறகு நாளுக்கு நாள் குறைத்தும், ஏறக்குறைய ஒரு வாரத்துக்குக் கொடுப்பார்கள். கூடவே தயமின் எனப்படும் விற்றமின் பி1. சோற்றைக் குறைத்துச் சாராயத்தில் வாழ்ந்த உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் விட்டால் நினைவாற்றல் திரும்பி வராமலே போகலாம். குளிசைப் பை மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்க வேண்டும். டயசெபாம் போன்ற குளிசையோடு சாராயமும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். முதல் மூன்று நான்கு நாளில் அடிக்கடி வரச் சொல்வார்கள். தூரம் அதிகம் என்றால் தாதியிடம் முதலிலேயே சொல்லி வேறு ஏற்பாடு கேட்கலாம்.

ஒரு வாரம் முடிந்ததும் நடுக்கம் நிற்கும், பசி வரும், முகம் தெளியும். "சுகமாயிடுச்சு" என்று வீட்டார் கிளினிக்கை நிறுத்துவது இந்த இடத்தில்தான். மாலையைக் கழற்றுவதும் இதுவும் ஒன்றே. உடம்பு மட்டும் கழுவப்பட்டிருக்கிறது. தூக்கம் சரியாக வாரக்கணக்கு ஆகும், ஆசை மாதக்கணக்கில் எட்டிப் பார்க்கும். சிகிச்சை என்று சொல்லத்தக்கது இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆறு மாதம், ஒரு வருடம் என நீளும்.

இந்தக் காலத்தில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றின் கதை கேகாலை மாவட்டத்துக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது. அதன் பெயர் டைசல்ஃபிராம். அந்த வகையைச் சேர்ந்த இரசாயனங்கள் இறப்பரைப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் பயன்பட்டவை. அவற்றோடு வேலை செய்த தொழிலாளர் ஒரு கிளாஸ் குடித்தாலே முகம் சிவந்து வாந்தி எடுப்பதை 1937இல் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை வைத்தியர் எழுதி வைத்தார். 1940களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹால்ட், யாக்கொப்சன் என்ற இருவர், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தேடி டைசல்ஃபிராமைத் தாங்களே விழுங்கிப் பார்த்தபோது விருந்தில் குடித்த மது அவர்களைப் புரட்டிப் போட்டது. 1948இல் அது குடிநோய்க்கான மருந்தாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இறப்பர் பாலில் கை நனைக்கும் மக்களுக்கு இறப்பர்த் தொழிற்சாலை வழியாகவே ஒரு மருந்து வந்திருக்கிறது.

அந்த மருந்தை ஒளித்துக் கொடுப்பது மட்டும் பெரும் ஆபத்து. தேத்தண்ணியில் கலந்து கொடுத்தால் தெரியாமலே குடியை விட்டுவிடுவார் என்று நம்பி யார் யாரிடமோ பொட்டலம் வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் தவிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டைசல்ஃபிராம் உள்ளே இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறி, ஆள் சாய்ந்துவிடலாம். ஈரலைச் சோதித்த பிறகு, குடி நின்று ஒரு நாளாவது ஆன பிறகு, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். கள்ளில் மட்டுமல்ல, நாட்டு வைத்தியர் கொடுக்கும் அரிஷ்டத்திலும் மதுசாரம் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். நல்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் என்று ஆசையைத் தணிக்கும் வேறு மருந்துகளும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023இல் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஐஸுக்கு இப்படி ஏற்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. அங்கே பேச்சும் துணையும்தான் சிகிச்சை.

பேச்சு என்று இலேசாகச் சொல்லிவிடக் கூடாது. உளவளத்துணையாளர் புத்திமதி சொல்ல உட்காருவதில்லை. எந்த நாளில், யாரோடு, எந்த முக்கில் குடி தொடங்குகிறது என்று அந்த மனிதரோடு சேர்ந்து கணக்கெடுப்பார். சப்ரகமுவவில் அந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லாத காலையில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது, பக்கத்துக் காம்பராவில் கூப்பிடுவார்கள். ஆகவே இங்கே ஒருவர் எழுதிக்கொள்ள வேண்டிய முதல் திட்டம் மழை நாளுக்கானது: எங்கே போவது, யாரோடு இருப்பது, கையில் என்ன வேலை. பிறகு சம்பள நாள். சம்பளத்தை அன்றே மனைவியின் கையிலோ வங்கியிலோ சேர்க்க முன்கூட்டியே பேசிக்கொள்வது. பிறகு தீபாவளி முற்பணம். பிறகு இழவு வீடு. இராக் கண் விழிப்பில் கிளாஸ் சுற்றி வரும்போது என்ன சொல்லி மறுப்பது என்பதைக் கூட வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். "மருந்து குடிக்கிறேன், வேண்டாம்" என்ற ஒரு வரி பலரைக் காப்பாற்றியிருக்கிறது. மாணிக்கக் குழியில் கைக்கு வந்த திடீர்க் காசும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டியதே.

நடுவில் சறுக்கல் வரும். வருவதே வழக்கம் என்று நினைத்து வீட்டார் தயாராக இருப்பது நல்லது. ஒரு நாள் குடித்தவர் வெட்கத்தில் கிளினிக்கை விட்டுவிடுகிறார், அதனால் ஒரு நாள் ஒரு மாதமாகிறது. குடித்த மறுநாளே போய் நடந்ததைச் சொல்வதுதான் வழி. சர்க்கரை கூடிய நோயாளியை யாரும் கிளினிக்கிலிருந்து துரத்துவதில்லை, இவரையும் துரத்தக் கூடாது.

இவ்வளவு எளிய சிகிச்சை பலன் தருமா என்ற கேள்வி எழும். 1977இல் லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற மனநல வைத்தியர் வெளியிட்ட ஆய்வில் திருமணமான நூறு குடிநோயாளிகள் இருந்தார்கள். ஒரு பாதியினருக்கு முழுச் சிகிச்சை. மறு பாதியினருக்கு, மனைவியும் கூட இருக்க, தெளிவான ஆலோசனை ஒரே ஒரு முறை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த முடிவை இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். நமக்கு அதைவிட நெருக்கமானது கோவா. அங்கே பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. உளவளத்துணை கொடுத்தவர்கள் வைத்தியர்களோ தாதியரோ அல்ல, பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள். அதிகம் போனால் நான்கு அமர்வுகள். மூன்று மாதத்தில் அந்தத் துணை கிடைத்தவர்களில் 36 வீதமானோர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். கிடைக்காதவர்களில் 26 வீதம். உடல் முற்றாக அடிமையாகாதவர்களிடம் செய்த ஆய்வு அது, மாயமும் அல்ல. ஆனால் பத்துக் கேள்விகளும் நான்கு அமர்வுகளும் தோட்ட டிஸ்பென்சரியில் செய்ய முடியாத காரியமா?

தமிழ்நாட்டில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, நகரத்து மருத்துவமனையோடு நிற்காமல் 1989 முதல் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய், ஊராரின் உதவியோடு முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தது. நோயாளி வர முடியாத இடத்துக்குச் சிகிச்சை போயிருக்கிறது.

இங்கேயும் அப்படித்தான் வேண்டும். நம் பால் வெட்டுக்காரர் கிளினிக்குக்குப் போக முடியாமல் நிற்பது மனவுறுதி இல்லாததால் அல்ல. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபா ஊக்கத்தொகையும் சேர்க்க முன்மொழிந்தது. கிளினிக் இருப்பது வேலை நாளில். போனால் அன்றைய பேரும் கூலியும் இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை, பஸ் காசு வேறு. மாதத்தில் நான்கு நாள் அப்படிப் போனால் அந்தக் குடும்பத்தில் எது குறையும் என்று சொல்லத் தேவையில்லை.

மொழியும் அப்படித்தான். கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் தமிழர் சிறுபான்மையினர். கடைவீதிக்கும் பஸ்ஸுக்கும் போதுமான சிங்களம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனைவியை அடித்த இரவைப் பற்றி, அப்பாவும் இப்படித்தான் செத்தார் என்பதைப் பற்றி, கடைவீதிச் சிங்களத்தில் ஒருவர் எப்படிப் பேசுவார்? மொழிபெயர்க்கப் பக்கத்து லயத்துப் பையனைக் கூட்டிப் போனால் இரகசியம் என்ன ஆகும்? வயிற்று வலியை இரண்டு சொல்லில் சொல்லிவிடலாம். இந்தச் சிகிச்சையில் பேச்சே மருந்து. தமிழில் பேசக்கூடிய ஒரு உளவளத்துணையாளர்கூட இல்லாத கிளினிக், தோட்டத்து மனிதருக்கு மருந்தில்லாத மருந்துக்கடை.

பெண்களைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக்குக்குக் கூட வரவும், குளிசையை வைத்திருக்கவும், சறுக்கினால் பொறுக்கவும் எல்லோரும் அவளைத்தான் கேட்கிறார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அவள் இதையும் சுமக்கிறாள். அடி விழும் வீட்டில் "மருந்து எடுக்கிறார், பொறுத்துக்கொள்" என்று சொல்வது கொடுமை. அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் 'மிதுரு பியச' நிலையங்கள் அவளுக்கானவை. 1938 என்ற பெண்களுக்கான உதவி எண்ணும் உண்டு. குடியைப் பற்றிப் பேச தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண் இருக்கிறது. இந்த இரண்டு இலக்கங்களையும் பிள்ளைக்காம்பரா சுவரில் தமிழில் பெரிதாக எழுதி வைக்கப் பெரிய செலவாகாது.

மதுவரித் திணைக்களம் 2024இல் மட்டும் இருநூறு பில்லியன் ரூபாவுக்கு மேல் திரட்டியது. அதில் தோட்டத்து மனிதரின் கால் போத்தலும் இருக்கிறது. கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் தமிழ் பேசும் உளவளத்துணையாளர்கள் சிலரை நியமிக்கவும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்ட டிஸ்பென்சரியில் கிளினிக் நடத்தவும் அந்தத் தொகையில் ஒரு துளி போதும். தோட்ட வைத்திய உதவியாளருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்கப் பயிற்சி கொடுக்கலாம்.

கம்பனிகளிடம் கேட்க வேண்டியதைத் தொழிற்சங்கங்கள்தான் கேட்க வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ரூபாக் கணக்குக்குக் கீழே இன்னொரு வரியையும் அவர்கள் எழுதிக்கொண்டு போகட்டும்: கிளினிக் துண்டைக் காட்டுகிறவருக்கு அன்றைக்குப் பேர் போட வேண்டும், ஊக்கத்தொகையும் வெட்டக் கூடாது, எந்தக் கிளினிக் என்று கணக்கப்பிள்ளை கேட்கவும் கூடாது.